ஐம்பத்தாறாவது நாள்

இருபத்தெட்டு அக்கா என்று அவருக்குப் பெயர் வைத்தது நான் இல்லை. அந்த ஆய்வகத்தில் நான் வேன் ஓட்டச் சேர்வதற்கு முன்பே அந்தப் பெயர் இருந்தது. ஆனால் அதை நகரம் முழுக்கப் பரப்பியது நான்தான். கட்டட வேலை நடக்கிற எந்த இடத்துக்குப் போனாலும் மேஸ்திரிகள், "என்னப்பா, இருபத்தெட்டு எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். "நல்லா இருக்கு. நேத்து உங்க கியூபைத்தான் ஒரே அமுக்கா அமுக்கிச்சு" என்பேன். சிரிப்பார்கள். அக்காவுக்கு இது தெரியும். தெரிந்தும் ஒருநாள்கூட என்னைத் திட்டியதில்லை. திட்டுவதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கட்டடத்துக்குக் கான்கிரீட் போடும்போது, அதே கலவையில் கொஞ்சம் எடுத்து ஆறு அங்குல இரும்புப் பெட்டிகளில் நிரப்புவார்கள். மறுநாள் பெட்டியைக் கழற்றினால் கனசதுரமாக ஒரு கல் கிடைக்கும். அதுதான் கியூப். இடத்தின் பெயரையும் தேதியையும் அதன்மேல் எழுதித் தருவார்கள், நான் ஏற்றிக்கொண்டு வருவேன். ஆய்வகத் தொட்டியில் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். ஏழாவது நாள் மூன்று கியூப், இருபத்தெட்டாவது நாள் மூன்று கியூப் என்று எடுத்து, அக்கா மெஷினுக்குள் வைத்து உடைப்பார். எவ்வளவு அழுத்தத்தில் உடைகிறதோ அதுதான் மார்க். தூணுக்கு முப்பது வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தால் முப்பது வர வேண்டும். வந்தால் கட்டடம் மேலே ஏறும், வராவிட்டால் எல்லோருடைய ரத்த அழுத்தமும் ஏறும்.

முப்பது வருடமாக அக்கா உடைத்துக்கொண்டிருந்தார். உடைத்த கற்களை ஆய்வகத்துக்குப் பின்னால் கொட்டுவோம். நான் சேர்ந்தபோது அங்கே ஒரு பள்ளம் இருந்தது. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், தவளை கத்தும். இப்போது பள்ளமும் இல்லை, தவளையும் இல்லை. அக்கா உடைத்த கற்களே அதை நிரவி, ஒரு சின்ன மேடாகவும் ஆகிவிட்டன. ஒரு நகரத்தைக் கட்டுவதற்காக எவ்வளவு வீணாகிறது என்று யாராவது கேட்டால் அந்த மேட்டைக் காட்டலாம். அதுவும் சோதனைக்கு மட்டும் போனது.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா சீக்கிரம் போய்விட்டதால் இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்தார். இரண்டு பேரும் நன்றாகவே வந்தார்கள், அதனால் தூரமாகப் போய்விட்டார்கள். ஒருவன் மாதம் ஒரு முறை போன் பண்ணுவான். இன்னொருவன், போன் பண்ணுகிறவன் மூலமாக விசாரிப்பான். மாடியில் ஒற்றை அறை, ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி ஏன் இல்லை என்று நான் ஒருமுறை கேட்டேன். "நீ வந்தா நின்னுக்க மாட்டியா?" என்றார். நான் அறிந்தவரை அவர் செய்த ஒரே நகைச்சுவை அதுதான், அதுவும் நகைச்சுவைதானா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

அறிக்கைத் தாளில் கடைசியாக 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் உண்டு. முப்பது வருடத்தில் அதில் அவர் ஒரு எழுத்து எழுதியதில்லை. ஒரு பெரிய கம்பெனியின் கியூப்கள் ஒருமுறை அறுபத்திரண்டு வரைக்கும் தாங்கின. வேண்டியதோ இருபத்தைந்து. "அந்தக் கட்டடத்துல இருக்க வேண்டிய சிமெண்ட் பூரா இந்த மூணு கியூப்புக்குள்ள இருக்கு" என்று என்னிடம் சொன்னார். அறிக்கையில் அறுபத்திரண்டு என்று எழுதி, குறிப்பில் கோடு போட்டு அனுப்பிவிட்டார்.

"இதை எழுதுங்களேன் அக்கா" என்றேன்.

"அது நினைப்பு. நினைப்பை எழுத எனக்குச் சம்பளம் கொடுக்கல" என்றார்.

இது நேர்மை என்று அப்போது நான் நினைத்தேன். பாதி நேர்மைதான். மீதி பயம். பேசிப் பழகாதவர்களுக்கு ஒரு வரி எழுதுவதுகூட ஊர்க்கூட்டத்தில் எழுந்து நிற்பதுபோல.

ஆனால் அவருக்கு ஒரு திருட்டுத்தனம் இருந்தது. அதில் நானும் கூட்டு.

சில இடங்களில் ஆறு கியூப் கேட்டால் எட்டு, ஒன்பது கொடுப்பார்கள். வழியில் ஒன்றிரண்டு மூலை உடைந்தால் ஆகும் என்று. சோதனை முடிந்ததும் மிச்சத்தைப் பின்னால் தள்ளிவிட வேண்டும், அதுதான் விதி. அக்கா தள்ளமாட்டார். கொட்டகையின் கோடியில் பழைய தொட்டி ஒன்று இருந்தது. அதில் போட்டு வைப்பார். ஒரு வருடம், மூன்று வருடம், ஒன்று ஏழு வருடம். ஏதாவது ஒருநாள், யாரும் இல்லாத மதிய நேரத்தில், ஒன்றை எடுத்து உடைத்து ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வார். இருபத்தெட்டாவது நாள் முப்பத்திரண்டு வாங்கியது மூன்று வருடத்தில் நாற்பத்தைந்து ஆகியிருக்கும். கான்கிரீட் அப்படித்தான், ஈரம் இருக்கும்வரை உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு மட்டும் அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரியும். "இருபத்தெட்டோட யாரும் நின்னுடுறதில்ல தம்பி" என்பார். போன் பண்ணாத தம்பியின் பரீட்சை மார்க்கைச் சொல்வதுபோலச் சொல்வார்.

நகரத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்த வருடம் மேனேஜர் ஒரே போடாகப் போட்டார்: "பின்னாடி இருக்கிற தொட்டியைக் காலி பண்ணுங்க. எவ்வளவு தண்ணி செலவு பண்றோம்னு மேல கணக்குக் கேக்கிறாங்க." அக்கா தலையாட்டினார். மறுநாள் அந்தத் தொட்டியின்மேல் பலகை போட்டு, பலகைமேல் காலிச் சாக்குகளை அடுக்கிவிட்டார். தண்ணீருக்கு நான் வழி பண்ணினேன். கொட்டகைக் கூரையிலிருந்து ஒரு பழைய குழாயை வளைத்துத் தொட்டிக்குள் விட்டேன், மழைத் தண்ணீர் விழும். மேனேஜர் அந்தப் பக்கம் வந்தால் நான் சாக்கின்மேல் உட்கார்ந்து பீடி பிடிப்பதுபோல நடிப்பேன். அவருக்குப் பீடிப் புகை ஆகாது. எனக்கும் ஆகாது, அது வேறு விஷயம்.

இப்போது கண்ணாடி இன்ஜினியர் வருகிறார். கண்ணாடி போட்டவர் என்பதால் நான் வைத்த பெயர். நாற்பது வயதிருக்கும். நகராட்சி கட்டும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்குப் போனாலே எனக்கு அரை மணி நேரம் போய்விடும், பிடித்துவைத்துப் பேசுவார்.

"அண்ணே, சிமெண்ட் எப்படிப் பண்றாங்க தெரியுமா? சுண்ணாம்புக் கல்லை அடுப்புல போட்டுச் சுடுறாங்க. அந்த நெருப்புல கரியும் புகையும் எவ்வளவுங்கிறீங்க! வீடு கட்டுறோம் வீடு கட்டுறோம்னு வானத்தையே சுட்டுக்கிட்டிருக்கோம்."

"அதுக்கு என்ன பண்றது சார், மரத்துல ஏறியா உக்கார முடியும்?"

அவர் செய்தது இதுதான். இரும்பு உருக்கும்போது மிஞ்சுகிற கசடு ஆலை வாசலில் மலைபோலக் கிடக்கிறது. அதைப் பொடியாக்கி, சிமெண்டில் பாதிக்குமேல் குறைத்துவிட்டு அதைச் சேர்த்தார். புகை குறையும், கசடும் தீரும், தூணும் நிற்கும். ஒரே ஒரு குறை. அந்தக் கலவை மெதுவாகத்தான் இறுகும். மற்றது இருபத்தெட்டு நாளில் எட்டுவதை இது ஐம்பத்தாறு நாளில் எட்டும். கடைசியில் மற்றதைவிடக் கெட்டியாகவும் ஆகும். நகராட்சி அதிகாரிகளிடம் கரடியாகக் கத்தி, தரைமட்டத் தூண்கள் பன்னிரண்டுக்கு மட்டும் அனுமதி வாங்கினார்.

வாங்கினவர் ஒரு தவறு செய்தார். அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. எங்கள் சோதனைச் சீட்டில் ஏழு, இருபத்தெட்டு என்று இரண்டு கட்டம் அச்சடித்திருக்கும். பதினெட்டு வருடமாக அந்த இரண்டில் டிக் அடித்த கை, அன்றைக்கும் அந்த இரண்டில் டிக் அடித்தது. ஐம்பத்தாறு என்று எல்லோரிடமும் பேச வாய் இருந்தது, ஓரத்தில் எழுதக் கைக்குத் தோன்றவில்லை. ஒன்பது கியூப் கொடுத்தார். சீட்டில் ஆறு. நான் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன்.

ஏழாவது நாள் பதினொன்று வந்தது. அதிகாரி பயந்துபோய், தூணுக்குமேல் தளம் போடுவதை நிறுத்தச் சொன்னார். இருபத்தெட்டாவது நாள் அக்கா மூன்றையும் உடைத்தார். இருபத்தாறு, இருபத்தைந்து, இருபத்தாறு. வேண்டியது முப்பது.

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். உடைந்த கல்லின் உட்பக்கத்தை அக்கா எனக்குக் காட்டினார். சாம்பல் நிறமாக இல்லை. நீலமும் பச்சையுமாக, மயில் கழுத்து மாதிரி இருந்தது.

"கசடு போட்டது. உள்ளே இந்த நிறம் இருக்கும். காத்துப் பட்டா சில நாள்ல போயிடும்" என்றார். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னும் முடியல இது."

பிறகு போய் அறிக்கை எழுதினார். இருபத்தாறு, இருபத்தைந்து, இருபத்தாறு. குறிப்புகள்: ஒரு கோடு.

மறுநாளைக்கு மறுநாள் கண்ணாடி இன்ஜினியர் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். சவரம்கூடச் செய்யவில்லை. தூண்களை இடிக்கச் சொல்லிவிட்டார்கள். இடித்தால் பன்னிரண்டு தூண் கான்கிரீட் குப்பைக்குப் போகும், அதே இடத்தில் முழுச் சிமெண்ட் போட்டு மறுபடி பன்னிரண்டு எழும். மிச்சம் பிடிக்க வந்தவர் இரட்டிப்பாகச் செலவு வைத்தவர் ஆகிவிடுவார். அவருடைய வேலையும் போகும். அதற்கப்புறம் அந்த நகரத்தில் கசடு என்று எவனும் வாயைத் திறக்க மாட்டான்.

"மேடம், ஒரே ஒரு வரி. இது மெதுவா ஏறுற கலவை, ஐம்பத்தாறு நாள்ல பாக்கணும்னு குறிப்புல எழுதிக் கொடுங்க. நீங்க எழுதினா நம்புவாங்க."

"உடைச்சதைத்தான் சார் எழுதுவேன். உடைக்காததை எப்படி எழுதுறது?"

"சரி. அப்ப உடைங்க. நான் ஒன்பது கொடுத்தேன், ஆறுதான் உடைச்சிருக்கீங்க. மீதி மூணு இருக்கா?"

நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் துணி அப்படியே நின்றது. பத்தடி தூரத்தில், சாக்குக்கும் பலகைக்கும் அடியில், மழைத் தண்ணீரில், அந்த மூன்றும் கிடந்தன. மேனேஜர் அறையின் கதவு திறந்திருந்தது. அக்கா கதவைப் பார்த்தார். அப்புறம் தொட்டி இருந்த பக்கம் பார்த்தார். அந்தத் தொட்டி போனால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். ஒற்றை நாற்காலி மிஞ்சும்.

"மிச்சத்தையெல்லாம் அப்பவே தள்ளிட்டோம் சார்" என்றார் அக்கா.

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் டயரைத் துடைத்தேன். இதை எழுதும்போதுகூட என் காது சூடாகிறது. அவர் பின்பக்கம் போய், கல்மேட்டில் சிறிது நேரம் குனிந்து தேடினார். முப்பது வருடக் கற்களுக்கு நடுவே மூன்று கற்களைத் தேடினார். பிறகு போய்விட்டார்.

அவர் போனதும் நான் அக்காவிடம் சண்டைக்குப் போனேன். "ஏன்க்கா பொய் சொன்னீங்க?"

"ஐம்பத்தாறாவது நாள் உடைக்கிறேன். முப்பது தாண்டிச்சுன்னா நானே போய்ச் சொல்றேன். தாண்டலைன்னா சொல்லி என்ன ஆகப்போகுது? அவங்க உடனேயா இடிக்கப்போறாங்க? கடிதம் போகணும், வரணும், ரெண்டு மாசம் ஆகும்."

அதுவும் சரிதான் என்று பட்டது. அரசாங்கக் காரியம் எப்போது சீக்கிரம் நடந்திருக்கிறது! ஆனால் நல்லதைச் செய்யத்தான் அவர்களுக்குக் கடிதம் வேண்டும், இடிக்க வேண்டுமென்றால் போனே போதும். ஐம்பதாவது நாள் வேறு வேலையாக அந்தத் தெரு வழியாகப் போனேன். இடிக்கும் மெஷின் வந்திருந்தது. இரண்டு தூண்கள் போய்விட்டன. கம்பிகள் மட்டும் எலும்பு மாதிரி நின்றன. கண்ணாடி இன்ஜினியரை முந்தின வாரமே மாற்றிவிட்டதாக மேஸ்திரி சொன்னார்.

வேனை எப்படி ஓட்டி வந்தேன் என்று தெரியாது. "அக்கா, இடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒண்ணை எடுத்து இப்பவே உடைங்க."

அக்காவின் முகம் வெளுத்தது. ஆனால் முடியாது என்று தலையை ஆட்டினார். "இன்னிக்கு ஐம்பதுதான்."

"ஐம்பதா இருந்தா என்னக்கா? மூணு இருக்குல்ல, ஒண்ணை உடைச்சுப் பாருங்க!"

"ஒண்ணை வச்சு அறிக்கை தர முடியாது. மூணும் வேணும். நாள் வராம உடைச்சு, முப்பதுக்கு ஒண்ணு குறைஞ்சா அப்புறம் அதுதான் நிக்கும். அவரே ஐம்பத்தாறுன்னுதான் சொன்னாரு."

நான் அன்றைக்கு அவரை என்னவெல்லாம் சொன்னேனோ அதை இங்கே எழுத முடியாது. கல்லுளிமங்கி என்பது அதில் ரொம்ப மரியாதையான வார்த்தை. இருபத்தெட்டோடு யாரும் நின்றுவிடுவதில்லை என்று சொன்ன மனுஷி, ஐம்பத்தாறு என்ற இன்னொரு எண்ணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். நானே மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். இன்ஜினியரைத் தேடிப் பிடித்திருக்கலாம். செய்யவில்லை. அக்காவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், குழாயை வளைத்தது யார் என்ற கேள்வி வரும் என்று பயந்தேன்.

அந்த ஆறு நாளும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. மதியம் டப்பாவைத் திறப்பார், மூடுவார். ஒருநாள் பார்த்தேன், பலகையை நகர்த்திவிட்டுத் தண்ணீருக்குள் கைவிட்டு, கியூப்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி. என்மேல் கோபம் இருந்ததோ என்னவோ, எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அன்றைக்குப் போய்விட்டது.

ஐம்பத்தாறாவது நாள் காலை, மேனேஜர் வருவதற்கு முன்பே மெஷினைப் போட்டார். முதல் கியூப். முப்பது தாண்டியது. முப்பத்திரண்டு. முப்பத்துநான்கு. அக்கா மூச்சு விட்டாரா என்று எனக்குச் சந்தேகம். முப்பத்தைந்தில் பொட்டென்று உடைந்தது. இரண்டாவது முப்பத்தாறு. மூன்றாவது முப்பத்தைந்து. உள்ளே அதே நீலப்பச்சை. நான் கைதட்டினேன், அப்புறம் வெட்கமாகப் போய்விட்டது. அக்கா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. தாளை எடுத்து எண்களை எழுதினார். குறிப்புகள் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு எழுத ஆரம்பித்தார். கட்டம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதினார்.

மேனேஜர் வந்ததும் நேராகப் போய்ச் சொன்னார்: "சார், பின்தொட்டியை நான் காலி பண்ணல. அந்த இடத்து கியூப் மூணு அதுல இருந்துச்சு. அவர் கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். இப்ப உடைச்சேன். முப்பத்தஞ்சு."

மேனேஜருக்கு மூக்கு சிவந்தது. தண்ணீர், விதி, ஒழுங்கு என்று கால் மணி நேரம் பொரிந்து தள்ளினார். அக்கா நின்று கேட்டுக்கொண்டார். கடைசியில் அவர் தாளை வாங்கிப் படித்தார். பின்பக்கத்தையும் படித்தார். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அந்த மனுஷனைப் பற்றி நான் ஆயிரம் குறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அவரை ஒன்றும் சொல்லமாட்டேன்.

"வண்டியை எடு தம்பி" என்றார் அக்கா. முப்பது வருடத்தில் அவர் உடைத்த கியூபின் கட்டடம் ஒன்றைக்கூட அவர் போய்ப் பார்த்ததில்லை. வேனில் முன் சீட்டில், உடைந்த பாதிக் கல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தாளைக் கைக்குட்டையில் சுற்றியிருந்தார்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. ஒன்பது தூண்கள் போயிருந்தன. பத்தாவதின் பக்கத்தில் மெஷின் நின்று, இரும்புக் கையை உயர்த்திக்கொண்டிருந்தது. அக்கா இறங்கி நடந்தார். நடந்தாரா ஓடினாரா என்று சொல்ல முடியாது. தலைக்கவசம் இல்லை, ஒன்றும் இல்லை. நேராகப் போய்த் தூணுக்கு முன்னால் நின்றார்.

"நிறுத்துங்க!"

அந்தக் குரல் அவருக்குள் எங்கே இருந்ததோ. மெஷின் ஓட்டுபவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். மேஸ்திரி ஓடி வந்தார்.

"யாரும்மா நீங்க? உள்ள வரக்கூடாது."

"இருபத்தெட்டு" என்றேன் நான் பின்னாலிருந்து.

மேஸ்திரி அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். பெயரை இத்தனை வருடமாகக் கேட்டிருக்கிறார், ஆளை இப்போதுதான் பார்க்கிறார். "நீங்களா அது?" என்று அவராகவே குரலைத் தாழ்த்தினார். அக்கா தாளைக் கொடுத்தார். மேஸ்திரி எண்ணைப் படித்தார், தூணைப் பார்த்தார். "எனக்கு அப்பவே சந்தேகம்மா. உடைக்கிறதுக்குள்ள மெஷினே திணறுது. முப்பது வராத பில்லரா இதுன்னு பேசிக்கிட்டோம். நாங்க சொன்னா யார் கேக்கிறா?" போனை எடுத்து அதிகாரியைக் கூப்பிட்டார். நெடுநேரம் பேசினார். மீதி மூன்று தூண்களையும் தொட வேண்டாம், துளை போட்டுத் துண்டு எடுத்துச் சோதித்துவிட்டு முடிவு செய்யலாம் என்று உத்தரவு வந்தது.

அதற்குள் அக்கா இடிந்த குவியலுக்குப் போயிருந்தார். நானும் போனேன். கற்கள் தூண்வாரியாகக் கிடந்தன. கடைசியாக இடித்தது கிட்டத்தட்ட மடியில் வைத்திருந்த கல் போலவே நல்ல நீலப்பச்சை. அதற்கு முந்தினது வெளிறியது. அதற்கும் முந்தினது இன்னும் வெளிறியது. முதலில் இடித்த இரண்டும் வெறும் சாம்பல், சாதாரணச் சிமெண்ட் என்றே சொல்லிவிடலாம். அக்கா அந்த வரிசையில் நடந்துகொண்டே எண்ணினார். நிறத்தைப் பார்த்தே எது என்றைக்கு இடிந்தது என்று அவருக்குத் தெரிந்தது.

"நீ வந்து சொன்னதுக்கு அப்புறம் ஏழு" என்றார்.

ஆறுதல் சொல்ல வந்தது, மென்று விழுங்கிவிட்டேன். ஏழு என்பது சரியான கணக்கு.

மேஸ்திரியிடம் கண்ணாடி இன்ஜினியரின் எண் இருந்தது. அக்கா அங்கேயே, குவியல்மேல் உட்கார்ந்து, என் போனிலிருந்து கூப்பிட்டார். சத்தமான இடம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், நான் ஆய்வகத்திலிருந்து பேசறேன். அன்னிக்கு நீங்க கேட்டீங்க. இல்லன்னேன். மூணு கியூப் இருந்துச்சு சார். பயந்துட்டுப் பொய் சொன்னேன்."

கட்டாகிவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"உடைச்சீங்களா?" என்றார் அவர்.

"இன்னிக்கு."

"எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு, முப்பத்தாறு, முப்பத்தஞ்சு."

திட்டுவார் என்று காத்திருந்தோம். திட்டியிருந்தால் அக்காவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"முப்பத்தாறு வந்துச்சா" என்றார் அவர், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "சரிங்க மேடம்." வைத்துவிட்டார். அதற்கப்புறம் நாங்கள் இரண்டு முறை கூப்பிட்டோம், எடுக்கவில்லை.

துளை போட்டு எடுத்த துண்டுகளும் பாஸ் ஆயின. மூன்று தூண்கள் தப்பின. இன்ஜினியர் திரும்பி வரவில்லை. ஏதோ வேறு ஊரில், கட்டடத்துக்குச் சம்பந்தமில்லாத வேலையில் இருக்கிறார் என்று கேள்வி. பின்தொட்டியை மேனேஜர் காலி பண்ணவே வைத்தார். அக்காவும் நானும் கியூப்களை ஒவ்வொன்றாக எடுத்து மேட்டில் வைத்தோம். உடைக்காமல் வைத்தோம். எங்கள் சோதனைச் சீட்டில் இப்போது மூன்றாவது கட்டம் ஒன்று அச்சாகிறது, ஐம்பத்தாறு என்று. குறிப்புகளும் அக்கா எழுதுகிறார். சில சமயம் அதிகமாகவே எழுதுகிறார் என்று மேனேஜர் முணுமுணுக்கிறார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, அந்தக் குடியிருப்புக்குப் போக வேண்டும் என்றார். ஆறு மாடியும் முடிந்து ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். ஜன்னல்களில் துணி காய்ந்தது. வாசலில் காவலர் நோட்டை நீட்டினார்.

"யாரைப் பாக்கணும்மா?"

அக்கா பேனாவை வாங்கிக்கொண்டு யோசித்தார். "உள்ள மூணு பேர் இருக்காங்க. பாத்துட்டு வந்துடுறேன்."

"எந்த வீடு?"

"வீடு இல்ல. கீழ, வண்டி நிக்கிற இடத்துல."

காவலர் என்னைப் பார்த்தார். விடச் சொல்லித் தலையாட்டினேன். எல்லாத் தூண்களுக்கும் ஒரே வெள்ளை அடித்திருந்தார்கள். எது பழையது, எது புதியது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்தது. யாருடைய ஸ்கூட்டரையோ கொஞ்சம் நகர்த்திவிட்டு, ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்தார். அப்புறம் அடுத்தது, அப்புறம் அடுத்தது. மூன்றாவதன் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். நான் வாசலில் வேனுக்குப் பக்கத்திலேயே காத்திருந்தேன்.